குறை சொல்வதை விட்டு நன்றி சொல்லப் பழகுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் இருவர் சந்தித்தால் பேச்சு பெரும்பாலும் ஒரு குறையிலிருந்துதான் தொடங்குகிறது. வெயில், வராத தண்ணீர் லாரி, மெட்ரோ பணிக்காகத் தோண்டிப்போட்ட சாலை, மேல்வீட்டுக்காரர் வண்டி நிறுத்தும் இடம் என்று எதையாவது சொல்லி அலுத்துக்கொண்ட பிறகே நலம் விசாரிக்கிறோம். இந்தப் பழக்கத்தைக் குறைத்து, நன்றி சொல்வதைத் தங்கள் அன்றாட வழிபாட்டின் பகுதியாக்கிக்கொள்ள விரும்புவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. எழுதுபவர் சைவ மரபில் வளர்ந்தவர் என்பதால் திருமுறைகளின் துணை அதிகமாக இருக்கும். ஆனால் இப்பயிற்சி எந்த ஒரு சமயத்துக்கும் தனியுரிமை உடையதன்று.

நன்றி சொல்வது நல்ல பண்பு என்பது எல்லோருக்கும் தெரியும். அதை ஆன்மிகப் பயிற்சி என்று ஏன் சொல்ல வேண்டும்?

உதவி கிடைத்த நேரத்தில் நெஞ்சில் தானாக எழும் நன்றியைப் பண்பு என்கிறோம். அது எழாத நாளிலும், அலுப்பும் எரிச்சலுமாக வீடு திரும்பிய இரவிலும், நேரம் ஒதுக்கித் தேடிப்பார்த்து நன்றி சொல்வது பயிற்சி. செபத்துக்கும் தொழுகைக்கும் விரதத்துக்கும் நேரமும் ஒழுங்கும் இருப்பதற்கு என்ன காரணமோ அதே காரணம்தான் இதற்கும். மனம் வந்தால் செய்யலாம் என்று விட்டுவிட்டால் மனம் வராது.

இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. 'எனக்கு வரவேண்டியது வரவில்லை' என்று கணக்குப் பார்க்கும்போது அந்தக் கணக்கின் நடுவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். 'இது என்னால் ஆனதன்று, இன்னாரால் வந்தது' என்று சொல்லும்போது அந்த இடத்திலிருந்து சற்றேனும் எழுந்துகொள்கிறேன். தன்முனைப்பைக் கரைப்பதற்காக நம் முன்னோர் வகுத்த வழிகளில் இல்லறத்தில் இருப்பவர்களுக்கு மிகவும் எட்டக்கூடிய வழி இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். "தந்தது உன்றன்னைக் கொண்டது என்றன்னை, சங்கரா ஆர்கொலோ சதுரர்" என்று மாணிக்கவாசகர் கேட்கிறார். உன்னைக் கொடுத்து என்னை வாங்கிக்கொண்டாயே, நம்மில் யார் கெட்டிக்காரர் என்று இறைவனிடமே கேட்கும் அளவுக்கு, தமக்குக் கிடைத்தது தம் தகுதிக்கு மீறியது என்ற வியப்பு அவரிடம் இருந்தது.

அப்படியானால் குறையே சொல்லக்கூடாதா? கடவுளிடம்கூடவா?

கடவுளிடம் தாராளமாகச் சொல்லலாம். இதை விளங்கிக்கொள்ளச் சென்னையின் வடகோடியில் உள்ள திருவொற்றியூருக்கே போகலாம். சுந்தரர் அங்கே சங்கிலியாரை மணந்தபோது, உன்னைப் பிரியேன் என்று கோயிலின் மகிழமரத்தடியில் சூளுரைத்தார். பிறகு திருவாரூர் நினைவு மேலிட்டு அந்தச் சூளை மீறி ஊர் எல்லையைக் கடந்தபோது இரு கண்களின் பார்வையும் போயிற்று என்று பெரியபுராணம் சொல்கிறது. அங்கிருந்து அவர் சென்ற வழி இன்றைய சென்னைக்காரர்களுக்குப் பழக்கமான வழி. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் மின்ரயில் நின்று போகும் திருமுல்லைவாயிலில், சங்கிலிக்காக என் கண்ணைக் கொண்டவனே என்று இறைவனை விளித்துப் பாடினார். அடுத்துத் திருவெண்பாக்கம். நாம் குடிக்கும் தண்ணீர் தேங்கும் பூண்டி ஏரிக்கரையில் இப்போது அந்தக் கோயில் இருக்கிறது. 1944ஆம் ஆண்டு நீர்த்தேக்கம் எழுந்தபோது பழைய இடம் நீருக்குள் போய்விட்டதால் கோயிலை இடம் மாற்றிக் கட்டினார்கள். அங்கே சுந்தரர், கோயிலில் இருக்கிறாயா என்று கேட்டார்; "உளோம் போகீர்" என்று விடை வந்தது. கண்ணைக் கேட்டவருக்கு ஓர் ஊன்றுகோல் மட்டும் கிடைத்தது.

காஞ்சிபுரத்துக்குப் போனபோது இடக்கண் பார்வை திரும்பியது. இந்த வரலாற்றில் நான் மீண்டும் மீண்டும் நின்று பார்க்கும் இடம் இதுதான். ஒரு கண் இன்னும் இருண்டிருக்கிறது. ஆனாலும் அவர் பாடிய பதிகத்தில் பாட்டுக்குப் பாட்டு "காணக் கண் அடியேன் பெற்றவாறே" என்ற வியப்பு வந்துகொண்டே இருக்கிறது. பாதிதானே கிடைத்தது என்ற முணுமுணுப்பு அதில் எங்கும் இல்லை. அதே சமயம், பாதி கிடைத்ததே போதும் என்று மீதியைக் கேட்காமலும் அவர் இருந்துவிடவில்லை. திருவாரூருக்குச் சென்று, உமக்கே மீளா அடிமையாகிய நாங்கள் இப்படி வாடியிருக்க நீர் வாழ்ந்து போம் என்று, தோழனைக் கடிந்துகொள்வதுபோல் பாடி, வலக்கண்ணையும் பெற்றார்.

கிடைத்ததற்கு முழு நன்றியும், கிடைக்காததற்கு வெளிப்படையான முறையீடும் ஒரே மனிதரின் வாயில், ஒரே பயணத்தில் வந்திருக்கின்றன. இந்தப் பக்கத்தில் சொல்லப்படும் பயிற்சி முழுவதும் இந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது. குறையை அதைத் தீர்க்கக்கூடியவரிடம் சொல்ல வேண்டும். அதைத் தீர்க்க முடியாத பத்துப் பேரிடம் சொல்லிச் சொல்லி வளர்ப்பதைத்தான் விட வேண்டும்.

மற்ற சமயங்களில் இதற்கு இடம் உண்டா?

உண்டு, இதே வேறுபாடு அங்கும் காணப்படுகிறது. மகனை இழந்து அழுது கண் பூத்துப்போன யாக்கூப் நபியை அவருடைய மற்ற மகன்கள் கடிந்துகொண்டபோது, என் துயரத்தையும் கவலையையும் நான் அல்லாஹ்விடம்தான் முறையிடுகிறேன் என்று அவர் சொன்னதாகத் திருக்குர்ஆன் கூறுகிறது. அவர் அழுததைத் திருமறை குற்றமாக்கவில்லை. நன்றி செலுத்தினால் மேலும் தருவேன் என்ற வாக்குறுதியும் அதே திருமறையில்தான் இருக்கிறது.

விவிலியத்தின் 13ஆம் சங்கீதம் "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்ற கேள்வியில் தொடங்குகிறது. ஆறே வசனங்கள் கொண்ட அந்தச் சிறிய பாடல், அவர் எனக்கு நன்மை செய்தபடியால் அவரைப் பாடுவேன் என்று முடிகிறது. எகிப்திலிருந்து மீண்ட மக்கள் கண்டிக்கப்பட்டதோ தங்கள் கூடாரங்களில் இருந்துகொண்டு முறுமுறுத்ததற்காக. முன்னால் வந்து நின்று கேட்டவர்களுக்கு விடை கிடைத்தது. கூடாரத்துக்குள் ஒருவருக்கொருவர் முறுமுறுத்தவர்கள் தங்கள் அச்சத்தையே பெருக்கிக்கொண்டார்கள்.

நடைமுறையில் எந்தக் குறையைச் சொல்லலாம், எதை விடலாம் என்று எப்படிப் பிரிப்பது?

சொல்ல வாய் திறக்கும்போது, கேட்கப்போகிறவரால் இதற்கு ஏதாவது செய்ய முடியுமா என்று ஒரு கணம் பார்க்க வேண்டும். தெருவிளக்கு எரியவில்லை, குப்பை அள்ளப்படவில்லை என்றால் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்குச் சொல்வது முறையீடு. அது குடிமக்களின் கடமையும்கூட. அதே செய்தியைக் காலை நடையில் நான்கு பேரிடமும், மாலை மொட்டைமாடியில் மூன்று பேரிடமும், இரவில் குடியிருப்பு வாட்சப் குழுவிலும் சொல்லிவிட்டு 1913க்குச் சொல்லாமலே படுத்துவிடுவது, நாம் விட வேண்டிய பழக்கம்.

வீட்டுக்குள் இதைப் பிரிப்பது இன்னும் கடினம். மகளுக்கு அம்மா தினமும் செய்யும் தொலைபேசி அழைப்பை எடுத்துக்கொள்வோம். புரசைவாக்கத்திலிருந்து அம்மா, துரைப்பாக்கத்தில் அலுவலகத்திலிருந்து கிளம்பும் மகளை அழைக்கிறார். முழங்கால் வலி, மருமகள் சமைத்த குழம்பில் புளி தூக்கல், சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் சரியாகக் கவனிக்கவில்லை, கைவைத்தியம் செய்தவர் பணம் அதிகமாக வாங்கிவிட்டார். மகள் "ம்… ம்…" என்று கேட்டுக்கொண்டே பேருந்தில் ஏறுகிறார். இந்த நான்கில் முழங்கால் வலி மட்டுமே மகளால் ஏதாவது செய்யக்கூடியது. ஆனால் மற்ற மூன்றுக்கும் நடுவில் அது அமுங்கிப்போவதால், சனிக்கிழமை மருத்துவரிடம் போகலாமா என்று மகள் கேட்பதே இல்லை. புலம்பல் மிகுந்த இடத்தில் உண்மையான முறையீடு காதில் விழுவதில்லை என்பது, புலம்பலை விடச் சொல்வதற்கு வலுவான உலகியல் காரணம்.

துயரத்தைப் பகிர்ந்து ஆறுதல் தேடுவது இதில் சேராது. ஆறுதல் கேட்பவருக்கு எதிரில் இருப்பவர் வேண்டும். அவர் சொல்லும் சொல் வேண்டும். வெறும் புலம்பலுக்குக் கேட்கும் காது மட்டும் போதும். அது யாருடையதாக இருந்தாலும் சரி.

தினமும் என்ன செய்ய வேண்டும்?

இரவு படுக்கும் முன், விளக்கை அணைப்பதற்குள், அன்று கிடைத்தவற்றுள் மூன்றை நினைவுக்குக் கொண்டுவந்து ஒரு நோட்டில் எழுத வேண்டும். எழுத வராதவர்கள் வாய்விட்டுச் சொல்லலாம். 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதில் பயனில்லை. யார், என்ன செய்தார், அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்ற மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும். மாம்பலத்தில் ரயில் கிளம்பும் நேரத்தில் உள்ளே இருந்தபடி கையை நீட்டி என் பையை வாங்கிக்கொண்ட பெண்மணி என்று எழுதினால், அந்தக் கை மறுபடியும் கண்முன் வந்து நிற்கும். முகம் தெரியாத மனிதர்களுக்கு நாம் எவ்வளவு கடன்பட்டிருக்கிறோம் என்பது இப்படித்தான் மெல்ல மெல்ல உறைக்கும்.

வாழ்க்கையில் எதுவுமே நடக்காத நாள் என்று தோன்றினால் காலைப் பாலை எடுத்துக்கொள்ளலாம். இருட்டு விலகாத நேரத்தில், வாசல் கம்பிக்கதவில் தொங்கும் துணிப்பையில் பால் பாக்கெட் விழுகிறது. கையில் எடுக்கும்போது சில்லென்று, மேலெல்லாம் நீர் கோத்து இருக்கிறது. அந்தக் குளிர்ச்சி நம் கைக்கு வருவதற்கு முன், ஏதோ ஓர் ஊரில் ஒருவர் விடியுமுன் எழுந்து மாட்டின் மடியைக் கழுவியிருக்கிறார். கூட்டுறவுச் சங்கத்தில் ஒருவர் அளந்து குறித்திருக்கிறார். மாதவரத்திலோ அம்பத்தூரிலோ சோழிங்கநல்லூரிலோ உள்ள ஆவின் பண்ணையில் ஒருவர் இரவு முழுக்க இயந்திரத்தின் அருகில் நின்றிருக்கிறார். வேனில் ஒருவர், சைக்கிளில் ஒருவர். இத்தனைக்கும் முன்னால் ஒரு பசுவும் கன்றும் உண்டு. இவர்களுள் ஒருவர் வராத நாளில்தான் நாம் அவர்களைப் பற்றிப் பேசுகிறோம், அதுவும் குறையாக.

போற்றித் திருவகவலில் மாணிக்கவாசகர் செய்வதும் இதையே. தாயின் கருவில் முதல் மாதம் பிழைத்தது, இரண்டாம் மாதம் பிழைத்தது என்று மாதம் மாதமாகச் சொல்லிப் பிறப்புக்கு வருகிறார். பிறந்த பிறகு "காலை மலமொடு கடும்பகற் பசிநிசி வேலை நித்திரை யாத்திரை பிழைத்தும்" என்று, காலைக் கடனும் பகற்பசியும் இரவுத் தூக்கமும்கூடத் தாண்டிவந்த கண்டங்களாக அவர் கணக்கில் வருகின்றன. பிறகு கல்வியிலிருந்து பிழைத்தது, செல்வத்திலிருந்து பிழைத்தது, வறுமையிலிருந்து பிழைத்தது. இவ்வளவையும் எண்ணி முடித்த பிறகே 'போற்றி' என்று வரிசையாகத் தொடங்குகிறார். நன்றியை நுணுக்கமாகச் சொல்வது எப்படி என்று யாரேனும் கேட்டால் முதலில் இந்த அகவலைப் படிக்கச் சொல்வேன். பொருள் முழுவதும் விளங்காவிட்டாலும் வாய்விட்டுப் படிக்கலாம்.

இதனுடன் வாரத்தில் ஒரு நாள் குறை விரதம் இருப்பது நல்லது. ஏற்கெனவே வெள்ளியோ சனியோ விரதம் இருப்பவர்கள் அதே நாளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். அன்று ஒரு குறையை ஒன்று இறைவனிடம் சொல்ல வேண்டும், அல்லது அதைத் தீர்க்கக்கூடியவரிடம் சொல்ல வேண்டும், மூன்றாமவரிடம் சொல்லக்கூடாது. உணவு விரதத்தைவிட இந்த விரதம் கடினமானது. மாலைக்குள் எத்தனை முறை வாய் திறந்து மூடினோம் என்று பார்த்தாலே பழக்கத்தின் ஆழம் தெரிந்துவிடும்.

மனம் ஒப்பாதபோது எழுதுவது போலித்தனம் ஆகாதா?

இல்லாத உணர்ச்சியை இருப்பதாகக் காட்டினால்தான் போலித்தனம். இங்கே கேட்கப்படுவது உணர்ச்சியன்று, நடந்ததை ஒப்புக்கொள்வது. இன்று எனக்கு எரிச்சலாக இருந்தது, இருந்தாலும் கீழ்வீட்டு மாமா மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றிவிட்டார் என்று எழுதினால் இரண்டுமே உண்மைதான். முதல் பாதியை அடித்துவிட வேண்டியதில்லை.

வீட்டாருக்கு நன்றி சொன்னால் அந்நியம்போலத் தோன்றுகிறது. என்ன செய்வது?

இது நியாயமான தயக்கம். பரிமாறும் மனைவியிடமோ வண்டியில் கொண்டுபோய் விடும் தம்பியிடமோ 'நன்றி' என்று சொன்னால், என்ன புதிதாக, கடைக்காரரிடம் பேசுவதுபோல் பேசுகிறீர்கள் என்று கேட்பார்கள். அந்தச் சொல்லைக் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை. நம் வீடுகளில் நன்றிக்கு வேறு வழக்கங்கள் உண்டு. "இன்னிக்கு ரசம் நல்லா இருந்தது, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்பது நன்றிதான். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பதும், மாமியார் அன்றொரு நாள் குழந்தையைப் பார்த்துக்கொண்டதை உறவினர் கூடியிருக்கும் இடத்தில் அவர் காதில் விழும்படி எடுத்துச் சொல்வதும் நன்றிதான். அண்ணி செய்த உதவியை அண்ணனிடம் சொல்வது, நேரில் சொல்வதைவிட ஆழமாகப் போய்ச் சேரும்.

ஆயுத பூசையன்று ஆட்டோவுக்கும் அரசுப் பேருந்துக்கும் தறிக்கும் தையல் இயந்திரத்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போடுகிறோம். மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டுகிறோம். பேசாத பொருளுக்கும் உயிருக்கும் நன்றி காட்ட நாள் வைத்திருக்கும் மக்களுக்கு, வீட்டு மனிதர்களுக்குக் காட்ட வழி கிடைக்காமல் போகாது.

'உன்னைவிடக் கஷ்டப்படுபவர்களைப் பார்' என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்ளலாமா?

கூடாது. நடைபாதையில் படுத்திருப்பவரைப் பார்த்து, நான் அப்படி இல்லையே என்று நிம்மதி அடைவது நன்றியாகாது. அவருடைய துன்பம் நம் ஆறுதலுக்காக வைக்கப்பட்டதன்று. அவரைப் பார்த்துத் தோன்ற வேண்டியது இரக்கம். அதற்கடுத்து ஏதேனும் ஒரு செயல்.

அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் போதனையா இது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களைப் பாராட்டுகிறேன். ஏனெனில் நன்றி என்ற பெயரில் நம் சமூகத்தில் நடந்திருக்கும் கொடுமைகள் கொஞ்சமல்ல. 'சோறு போட்டவன் சொன்னதைக் கேள்' என்று கீழே இருப்பவரிடம்தான் எப்போதும் நன்றி கேட்கப்பட்டிருக்கிறது. மேலே இருப்பவரிடம் யாரும் கேட்டதில்லை. எனவே ஒரு வரம்பைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். நன்றியை நான் எனக்குள் பழகலாம். பிறர்மீது சுமத்தக்கூடாது, அதிலும் என்னைவிட வலுக்குறைந்தவர்மீது சுமத்தவே கூடாது.

விடியுமுன் தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளருக்கு மனத்துக்குள் நன்றி சொல்லிவிட்டு, அவருக்குக் கையுறை இல்லாததையும் கூலி தள்ளிப்போவதையும் பார்க்காமல் இருந்தால் அந்த நன்றிக்குப் பொருளில்லை. கழிவுநீர்த் தொட்டிக்குள் மனிதரை இறக்கக்கூடாது என்று 2013ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. தங்கள் குடியிருப்பில் தொட்டி சுத்தம் செய்ய ஆள் வரும்போது இயந்திரம்தான் பயன்படுகிறதா என்று முன்னால் போய் நின்று பார்ப்பது, அந்த மனிதருக்குச் செலுத்தும் உண்மையான நன்றி. வீட்டில் அடியும் வசவும் வாங்கும் பெண்ணிடம், 'தாலி இருக்கிறதே, நன்றியோடு இரு' என்று சொல்வது பாவம். அவருக்குச் சொல்ல வேண்டியது 181 என்ற பெண்கள் உதவி எண். செய்ய வேண்டியது கூடப்போவது.

ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வளர்ந்து கந்தகோட்டத்தில் பாடிய வள்ளலார், "வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்" என்றார். பிறர் பசிக்காக அவர் இறைவனிடம் ஓயாமல் விண்ணப்பித்தார். அந்த விண்ணப்பம் 1867இல் வடலூரில் தருமசாலையாக எழுந்தது. அங்கே அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பிறருக்காகச் சொல்லும் குறையை எந்த ஆன்மிகப் பயிற்சியும் தடுக்கக்கூடாது.

இழவு நேர்ந்த வீட்டில், வெள்ளத்தில் எல்லாம் போன வீட்டில் நன்றி பேசலாமா?

அடுத்தவர் பேசக்கூடாது. 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது, இடுப்பளவு நீரில் நின்றவரிடம் 'உயிர் தப்பியதே, சந்தோஷப்படு' என்று சொன்னவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனாலும் அது காயத்தில் கைவைத்ததுபோல் ஆயிற்று. அந்த நேரத்தில் போர்வையும் பிரெட்டும் பால்பொடியும் கொண்டுவந்தவர்கள் எதுவும் பேசவில்லை. எந்தத் தெரு, எந்தச் சமயம் என்று பார்க்காமல் முன்பின் அறியாதவர்கள் படகில் வந்தார்கள். பள்ளிவாசல்களும் கோயில் மண்டபங்களும் தேவாலயங்களும் கதவைத் திறந்துவைத்தன.

துயரத்தில் இருப்பவர் அழ வேண்டும். அழுது முடியும்வரை நோட்டு மூடியே இருக்கலாம். பல மாதங்கள் கழித்து, அந்த நாட்களில் துணைநின்றவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். அப்போது எழும் நன்றியை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்காது. "காலத்தி னாற்செய்த நன்றி சிறிதெனினும் ஞாலத்தின் மாணப் பெரிது" என்ற குறளின் பொருள், வெள்ளம் வடிந்த பிறகு இந்நகரில் பலருக்கு உரையில்லாமலே விளங்கியது.

எனக்குக் கெடுதல் செய்தவருக்கும் நன்றி சொல்ல வேண்டுமா?

கெடுதலுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. 'அவன் ஏமாற்றியதால்தான் நான் முன்னேறினேன்' என்று வலிந்து சொல்லிக்கொள்வது உண்மையை வளைப்பதாகும். அவர் முன்பு செய்த நன்மை ஏதாவது இருந்தால் அதைக் கெடுதலோடு சேர்த்து அழித்துவிடாமல் இருந்தால் போதும். கொல்வது போன்ற தீங்கு செய்தாலும், அவர் முன்பு செய்த ஒரு நன்மையை நினைத்தால் அந்தத் தீங்கின் கொடுமை மறையும் என்று வள்ளுவர் செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தில் கூறுகிறார். சொத்துப் பிரிவினையில் பகையான அண்ணன் தம்பிகளுக்கு இந்தக் குறள் பெரிதும் உதவும். பாகப்பிரிவினை வழக்கு நீதிமன்றத்தில் நடக்கட்டும். சிறு வயதில் அண்ணன் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டியதை அந்த வழக்கில் சேர்க்க வேண்டாம்.

நான் எல்லோருக்கும் செய்கிறேன். எனக்கு யாரும் நன்றி சொல்வதில்லையே?

நாற்பதைத் தாண்டிய பெண்களும், ஓய்வுபெற்ற ஆண்களும் மிகுதியாகக் கேட்கும் கேள்வி இது. இதன் பின்னால் உண்மையான களைப்பு இருக்கிறது. வள்ளுவரின் முதல் விடை மழையைக் காட்டுகிறது. கைம்மாறு வேண்டாத மழைக்கு உலகம் என்ன செய்துவிட முடியும் என்று அவர் கேட்கிறார். 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த சென்னைக்காரர்களுக்கு மழையின் அருமையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் மனிதர் மழையல்லர். செய்துகொண்டே இருப்பவருக்கும் அலுக்கும், வலிக்கும்.

எனவே இரண்டாவது விடையையும் சொல்கிறேன். உதவி வேண்டுமென்றால் உதவியைக் கேளுங்கள், நன்றியைக் கேட்காதீர்கள். 'யாருக்காவது என்மேல் அக்கறை இருக்கிறதா' என்று சுவரைப் பார்த்துச் சொல்வதைவிட, 'நாளையிலிருந்து காலைக் காபியை நீ போடு' என்று மகனின் முகத்தைப் பார்த்துச் சொல்வது மேல். அது முறையீடு, தீர்க்கக்கூடியவரிடம் சொல்லப்படுவது. மகன் போடும் காபி முதல் வாரம் தண்ணீராகத்தான் இருக்கும். அதைக் குறை சொல்லாமல் குடிப்பது உங்கள் பயிற்சி.

ஆய்வுகள் ஏதாவது இதை ஆதரிக்கின்றனவா?

அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ ஆகியோர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு பரவலாக அறியப்பட்டது. மாணவர்களைப் பிரித்து, ஒரு பிரிவினரை அந்த வாரத்தில் நன்றிக்குரியவற்றையும் மற்றொரு பிரிவினரைத் தொல்லை தந்தவற்றையும் வாரந்தோறும் எழுதச் சொன்னார்கள். பத்து வாரங்களின் முடிவில், நன்றிக்குரியவற்றை எழுதியவர்கள் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தார்கள். உடல் உபாதைகளைக் குறைவாகச் சொன்னார்கள். இது நல்ல செய்தி. ஆயினும் உடல்நலத்துக்காக மட்டும் நன்றி சொல்லத் தொடங்கினால், பலன் தெரியாத வாரத்தில் நோட்டு மூடப்பட்டுவிடும் என்பதால், இதை முதற்காரணமாக வைக்க நான் விரும்பவில்லை.

மனச்சோர்வு உள்ளவர்கள் இதைச் செய்யலாமா?

மருத்துவத்துக்கு மாற்றாகச் செய்யக்கூடாது. நன்றிக்குரியது எதுவுமே தோன்றவில்லை என்ற நிலை பல வாரங்கள் நீடித்தால், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால், அது நோய், நன்றிகெட்டதனம் ஆகாது. பயிற்சி பலிக்கவில்லை என்று தம்மையே நொந்துகொண்டால் நோய் வளரும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். அந்த எண்ணை அழைப்பதும், குறையைத் தீர்க்கக்கூடியவரிடம் கொண்டுபோவதுதான்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் யாருக்கு நன்றி சொல்வது?

மனிதர்களுக்கு. மேலே சொன்ன நோட்டில் இறைவன் பெயரே வராமல் எழுத முடியும். பாலும் ரயிலும் அப்படியேதான் இருக்கும். செய்ந்நன்றியறிதல் அதிகாரத்தின் பத்துக் குறள்களிலும் கடவுள் என்ற பேச்சே இல்லை.

வீட்டில் மற்றவர்கள் சேரவில்லை. நான் மட்டும் செய்தால் போதுமா?

போதும். சேர்க்க முயல வேண்டாம். குறை சொல்லும் கணவரையோ மாமனாரையோ, 'பாருங்கள், மறுபடியும் குறை சொல்கிறீர்கள்' என்று திருத்தத் தொடங்கினால், அவர் குறை சொல்வதைப் பற்றி நாம் குறை சொல்லத் தொடங்கிவிட்டோம் என்று பொருள். அவர் புலம்பும்போது எதிர்வாதமும் செய்யாமல், கூடச் சேர்ந்து அடுக்கவும் செய்யாமல், "சரி, இதற்கு யாரிடம் சொல்லலாம்?" என்று கேட்கலாம். சொல்வதற்கு ஆள் இருந்தால் எண்ணைத் தேடிக் கொடுக்கலாம். இல்லையென்றால் பேச்சு தானாக வேறு பக்கம் திரும்பும்.

குழந்தைகளைப் பொறுத்தவரை, இரவில் அவர்களை உட்காரவைத்து நன்றிப் பட்டியல் கேட்டால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடுகிறது. அவர்களுக்குக் கேட்கும்படி நாம் சொன்னால் போதுமானது. பள்ளி வேன் ஓட்டும் அண்ணனின் பெயரைக் கேட்டுத் தெரிந்துவைத்துக்கொண்டு, ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் பழக்குங்கள். தீபாவளிக்கு அவர் வீட்டுக்குக் கொடுக்கும் பலகாரப் பொட்டலத்தை உங்கள் கையால் கொடுக்காமல் குழந்தையின் கையில் கொடுத்தனுப்புங்கள்.